மெயில் சர்வர்: எந்த ஏஜென்ட்டை எந்த மெஷினில் வைப்பது?

மெயில் சர்வர் அமைக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எத்தனை சர்வர் வாங்கணும்?" என்றுதான். அதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துவரச் சொல்வேன். மெயில் சர்வர் என்று நாம் ஒற்றைப் பெயரில் சொன்னாலும், உள்ளே இருப்பது நாலைந்து ஏஜென்ட்கள். ஒன்று வாங்கும், ஒன்று சோதிக்கும், ஒன்று பெட்டியில் போடும், ஒன்று எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொன்றின் கையிலும் என்ன இருக்கிறது, அது படுத்துவிட்டால் யாருக்கு வலிக்கும் என்று எழுதிப் பார்த்துவிட்டால், இடம் பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும். மெஷின் எண்ணிக்கை கடைசியில் வருகிற கணக்கு.

இங்கே லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஆர்ஸ்பேம்டி என்ற மூன்று மென்பொருள்களையும் வைத்துப் பேசுகிறேன். நான் தினமும் மாரடிப்பது அவற்றோடுதான். மனதில் 200 பேர் வேலை செய்யும் ஒரு நடுத்தர அலுவலகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஆட்களை அடையாளம் காணுங்கள்

ஒரு சின்னச் சிக்கலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெயிலைக் கடத்தும் ஏஜென்ட்டுக்கும், பெட்டியில் சேர்க்கும் ஏஜென்ட்டுக்கும் உள்ள சுருக்கப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே "எம்டிஏ" ஆகிவிடும். அதனால் கடத்தும் ஏஜென்ட், சேர்க்கும் ஏஜென்ட் என்றே சொல்கிறேன்.

கடத்தும் ஏஜென்ட் போஸ்ட்ஃபிக்ஸ். வெளி உலகிலிருந்து 25ஆம் போர்ட்டில் (மெஷினின் எண் போட்ட வாசல்களில் ஒன்று) வரும் மெயிலை வாங்குவதும், நம் மெயிலை வெளியே கொண்டுபோய்க் கொடுப்பதும் அதன் வேலை. வீட்சே வெனெமா ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது எழுதி 1998 இறுதியில் வெளியானது. அதற்கு முன் கோலோச்சிய சென்ட்மெயில் ஒரே பெரிய நிரலாக இருந்தது. போஸ்ட்ஃபிக்ஸோ சின்னச் சின்ன நிரல்களின் கூட்டம்.

அடுத்தது சமர்ப்பிப்பை வாங்கும் ஏஜென்ட். நம் ஊழியர்கள் பாஸ்வேர்ட் கொடுத்து மெயில் அனுப்பும் வாசல் இது. 587, 465 போர்ட்கள். இதையும் போஸ்ட்ஃபிக்ஸே செய்யும். ஆனால் தாளில் இதைத் தனி ஆளாக எழுதுங்கள். 25இல் வருபவர் ஊர் பேர் தெரியாதவர், 587இல் வருபவர் நம் வீட்டு ஆள். இரண்டு பேருக்கும் ஒரே விதி வைத்தால் குழப்பம்தான். 465ஐப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம், தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் மறையாக்கத்தோடு பேசும் 465ஐத்தான் பரிந்துரைக்கிறது.

சேர்க்கும் ஏஜென்ட்டும், ஐமேப்பில் (மெயில் ஆப்கள் பெட்டியைப் படிக்கும் முறை) எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட்டும் டவ்காட். ஸ்பேமை வடிகட்டும் ஏஜென்ட் ஆர்ஸ்பேம்டி. வைரஸ் பார்க்க அதன் பக்கத்தில் கிளாம்ஏவி. வெளியே போகும் மெயிலில் டிகிம் கையொப்பம் (மெயில் நம் டொமைனிலிருந்துதான் வந்தது, வழியில் மாறவில்லை என்று காட்டும் முத்திரை) போடுவதையும் ஆர்ஸ்பேம்டியிடமே விட்டுவிடலாம்.

இரண்டாம் படி: மூன்று கட்டம் போடுங்கள்

ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் எதிரே மூன்று கட்டம்: கையில் என்ன வைத்திருக்கிறது, யாரோடு பேசுகிறது, செத்தால் என்ன ஆகும். மூன்றாவது கட்டம்தான் முக்கியம்.

போஸ்ட்ஃபிக்ஸின் கையில் இருப்பது க்யூ, அதாவது அடுத்த இடத்துக்குப் போகக் காத்திருக்கும் மெயில்களின் வரிசை. மெயிலை வட்டில் எழுதிவிட்டுத்தான் எதிர்ப்பக்கத்துக்கு "250 ஓகே" சொல்லும். அந்த நொடியிலிருந்து அந்த மெயிலுக்கு நாம்தான் பொறுப்பு. அனுப்பியவர் தன் பிரதியை அழித்துவிடுவார். ஆக, போஸ்ட்ஃபிக்ஸ் நாலு மணி நேரம் ஓடாமல் கிடந்தால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. அனுப்பும் சர்வர்கள் காத்திருந்து மறுபடி மறுபடி தட்டும்; போஸ்ட்ஃபிக்ஸே இயல்பாக 5 நாள் வரை விடாமல் முயலும். ஆனால் க்யூ இருக்கும் வட்டு போனால், "ஓகே" சொல்லி வாங்கிய மெயில் போனது போனதுதான். வேகத்துக்காக க்யூவை ரேமில் வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கரன்ட் போனால் கதை முடிந்தது, வேண்டாம்.

சமர்ப்பிப்பு வாசல் செத்தால் அடுத்த நிமிடம் உங்கள் போன் அடிக்கும். டவ்காட் செத்தாலும் அப்படியே. அதன் கையில்தான் எல்லோருடைய பெட்டியும் இருக்கிறது. க்யூவில் நிற்கும் மெயிலை விட்டால், மொத்த அமைப்பிலும் திரும்பக் கிடைக்காத பொருள் அது ஒன்றுதான்.

ஆர்ஸ்பேம்டியின் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கற்றுக்கொண்டதை ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கில் வைத்திருக்கும், அதுவும் போனால் மறுபடி கற்றுக்கொள்ளும். அப்படியானால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் ஆர்ஸ்பேம்டியோடு மில்டர் முறையில் (மெயிலை வாங்கும்போதே தனி வடிகட்டியிடம் கேட்கும் முறை) பேசுகிறது. மில்டர் பதில் சொல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான நடத்தை, மெயிலை வாங்காமல் 451 என்று சொல்லி "பிறகு வா" என அனுப்புவது. ஆர்ஸ்பேம்டியை வேறு மெஷினில் வைத்து, அந்த மெஷினை அப்டேட்டுக்காக ரீபூட் செய்தால், அந்தப் பத்து நிமிடமும் உங்கள் அலுவலகத்தின் மொத்த மெயிலும் நிற்கும். கையில் ஒன்றும் இல்லாத ஆள், ஆனால் கதவின் தாழ்ப்பாள் அவரிடம்.

25ஆம் போர்ட்டில் இந்த நடத்தை சரியானது, அப்படியே விடுங்கள். வெளி சர்வர் மறுபடி வரும். 587இல் மட்டும், மில்டர் இல்லாவிட்டாலும் மெயிலை வாங்கிக்கொள் என்று தனியாக மாற்றலாமா என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊழியரின் அவுட்லுக் 451ஐப் பார்த்துப் பொறுமையாகக் காத்திருக்காது, எரர் பெட்டியைத்தான் காட்டும். ஆனால் அப்படி வாங்கினால் டிகிம் கையொப்பம் இல்லாமலே மெயில் போய்விடும். நான் கொஞ்ச நேரம் எரர் வந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் படி: வடிகட்டியை வாசலிலேயே நிறுத்துங்கள்

ஸ்பேம் என்று தெரிந்த மெயிலை எப்போது தள்ளுவது? எதிர்ப்பக்க சர்வர் இன்னும் இணைப்பில் இருக்கும்போதே "550, வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அப்புறம் சோதித்து, "உங்கள் மெயில் ஏற்கப்படவில்லை" என்று பதில் மெயில் அனுப்பக் கூடாது. ஸ்பேமில் அனுப்பியவர் முகவரி பெரும்பாலும் போலி. உங்கள் பதில் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் பெட்டியில் போய் விழும். இதற்குப் பேக்ஸ்கேட்டர் என்று பெயர். கொஞ்ச நாள் இப்படிப் போனால் உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். அதனால் 25ஆம் போர்ட்டில் வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும் ஆர்ஸ்பேம்டியும் ஒரே மெஷினில் இருப்பதே நல்லது. தனித்தனியாக வைத்தே தீர வேண்டும் என்றால் ஒரே ஸ்விட்ச்சுக்குக் கீழே வையுங்கள். ஊர் தாண்டி வைக்காதீர்கள்.

அதே மெஷினில் இன்னொரு சின்ன ஆளும் வேண்டும்: சொந்த டிஎன்எஸ் ரிசால்வர், அதாவது இணையப் பெயர்களைத் தேடிப் பதில் கொண்டுவரும் நிரல். நான் அன்பவுண்ட் போடுகிறேன். இதை யாரும் ஆரம்பத்தில் யோசிப்பதில்லை. ஆர்ஸ்பேம்டி ஒவ்வொரு மெயிலுக்கும் டிஎன்எஸ்ஸில் ஏகப்பட்ட கேள்விகள் கேட்கும்: எஸ்பிஎஃப் (அந்த டொமைன் பெயரில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி), டிகிம், டிமார்க் (அவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது), கறுப்புப் பட்டியல்கள். ரிசால்வர் தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு மெயிலும் இழுக்கும்.

அதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு, நானே பட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்குப் புது சர்வர் போட்டேன். டிஎன்எஸ்ஸுக்கு வழக்கம்போல கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8 கொடுத்தேன். போஸ்ட்ஃபிக்ஸில் ஸ்பேம்ஹவுஸ் என்ற கறுப்புப் பட்டியலைப் பார்க்கும்படி ஒரு வரி. மாலையில் போன்: "காலையிலிருந்து ஒரு மெயில் கூட வரலை சார்." லாகைத் திறந்தால் ஜிமெயில், யாஹூ, வங்கி என்று வந்த அத்தனை மெயிலும் கறுப்புப் பட்டியலில் இருப்பதாகச் சொல்லி 554 கொடுத்து விரட்டியிருக்கிறது. காரணம் இதுதான்: பொது ரிசால்வர் வழியாக வரும் கேள்விகளுக்கு ஸ்பேம்ஹவுஸ் உண்மையான பதில் தராது. 127.255.255.254 என்ற ஒரு எச்சரிக்கை முகவரியைத் திருப்பும். நான் எழுதிய வரியோ, என்ன பதில் வந்தாலும் "பட்டியலில் இருக்கிறது" என்றுதான் எடுத்துக்கொள்ளும். சொந்த ரிசால்வர் போட்டு, 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையான பதிலை மட்டும் கணக்கில் எடு என்று வரியைத் திருத்தியபின் சரியாயிற்று. 554 என்பது நிரந்தர மறுப்பு என்பதால் அன்றைய மெயில் எதுவும் திரும்ப வரவில்லை.

வாசலில் நிற்கும் மெஷினுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: நம்மிடம் எந்தெந்த முகவரிகள் இருக்கின்றன என்ற பட்டியல். எல்லாம் ஒரே மெஷினில் இருந்தால் இது பிரச்சினையே இல்லை. வாசலைத் தனியாகப் பிரித்தால், உள்ளே இருக்கும் பட்டியலின் பிரதி அங்கே தானாகப் போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் வாங்கும் முன் உள் மெஷினிடம் "இந்த ஆள் இருக்கிறாரா?" என்று கேட்கும்படி வையுங்கள். எதுவும் செய்யாவிட்டால், இல்லாத முகவரிகளுக்கு வரும் குப்பையையும் வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் திருப்பி அனுப்பும். மறுபடி பேக்ஸ்கேட்டர்.

பேக்கப் எம்எக்ஸ் என்று இரண்டாவது ஒரு வாசலை எங்கோ தூரத்தில் மலிவான சர்வரில் வைப்பவர்களும் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். காவல் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு ஸ்பேம் அனுப்புபவர்கள் முதலில் அந்த வாசலுக்கே வருவார்கள். 200 பேர் அலுவலகத்துக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. வாசல் மூடியிருந்தால் வெளி சர்வர்கள் காத்திருக்கத்தான் போகின்றன.

நான்காம் படி: ரேமை யார் தின்கிறார்கள் என்று பாருங்கள்

போஸ்ட்ஃபிக்ஸ் ரொம்பக் கொஞ்சம்தான் சாப்பிடும். கிளாம்ஏவிதான் பகாசுரன். வைரஸ் அடையாளங்கள் முழுவதையும் ரேமில் ஏற்றி வைத்துக்கொள்வதால் அதற்கு மட்டுமே 1 ஜிபிக்கு மேல் போகும். புது அடையாளங்கள் இறங்கும்போது பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றும். அந்தச் சில நொடிகள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 3 முதல் 4 ஜிபி ரேம் வேண்டும் என்று அதன் ஆவணமே சொல்கிறது.

2 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) எல்லாவற்றையும் திணித்து வைத்திருந்த ஒரு இடத்தில், தினமும் சில முறை ஐமேப் இணைப்புகள் அறுந்துபோயின. இரண்டு நாள் டவ்காட்டைக் குடைந்தேன். அதில் ஒரு குற்றமும் இல்லை. கிளாம்ஏவி வீங்கும்போதெல்லாம் ரேம் தீர்ந்து, லினக்ஸ் கர்னல் ஆள் தேடி டவ்காட்டைக் கொன்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ரேம் குறைவு என்றால் கிளாம்ஏவியைப் பெட்டிகள் இருக்கும் மெஷினில் வைப்பதில்லை. அதை வாசல் மெஷினுக்குத் தள்ளு, அல்லது வைக்காதே.

ஐந்தாம் படி: பெட்டிகளை நகர்த்தாதீர்கள்

சேர்க்கும் ஏஜென்ட், ஐமேப் ஏஜென்ட், பெட்டிகள் இருக்கும் வட்டு மூன்றும் ஒரே மெஷினில் இருக்கட்டும். வட்டை மட்டும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே வட்டைப் பகிரும் முறை) வழியாக எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டி, மேலே இரண்டு டவ்காட் ஓட்டும் யோசனை பார்க்க அழகாக இருக்கும். ஒரே ஆளுடைய பெட்டியை இரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் தொட்டால் இண்டெக்ஸ் கோப்புகள் கெட்டுப்போகும். அந்த அளவுக்குப் போக வேண்டிய பெரிய இடங்கள் உண்டு, புதியவர்களுக்கு இப்போது வேண்டாம். மெயில்டிர் வடிவத்தில் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு, அதனால் பெட்டி மெஷினுக்கு எஸ்எஸ்டி கட்டாயம். ஆளுக்கு 5 ஜிபி என்றால் 200 பேருக்கு 1 டிபி. பேக்கப் இன்னொரு கட்டடத்தில்.

போஸ்ட்ஃபிக்ஸ் டவ்காட்டிடம் மெயிலை ஒப்படைக்க எல்எம்டிபி என்ற முறையைப் பயன்படுத்துங்கள். ஒரே மெயில் பத்துப் பேருக்கு வந்து, அதில் ஒருவர் பெட்டி மட்டும் நிரம்பியிருந்தால், எல்எம்டிபி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும். சர்வர்கள் தமக்குள் மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறையில் மொத்தத்துக்கும் ஒரே பதில்தான். அதோடு எல்எம்டிபி நெட்வொர்க்கிலும் ஓடும் என்பதால், நாளைக்கு வாசலைப் பிரித்தாலும் இந்த இணைப்பு அப்படியே தொடரும்.

இன்று ஒரே மெஷின் என்றால் யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே மெஷினுக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் கோப்பு) போதும். ஒரு எச்சரிக்கை. டெபியனின் பல பதிப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸின் பகுதிகள் குரூட் சிறைக்குள் ஓடுகின்றன. அதன் கண்ணுக்கு உலகம் என்பது ஸ்பூல் அடைவுக்குள் இருக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் அடைவு மட்டும்தான். சாக்கெட்டை வேறெங்கோ ரன் அடைவில் வைத்தால், நீங்கள் பார்க்கும்போது கோப்பு இருக்கும், அனுமதியும் சரியாக இருக்கும், லாகில் மட்டும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வரும். தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன் சாக்கெட்டை அந்த ஸ்பூல் அடைவுக்குள் மாற்றிப் பாருங்கள்.

சர்வர் கிளவுடில் இருந்தால் இன்னொன்று. டவ்காட் ஒரு பயனருக்கு ஒரு ஐபியிலிருந்து இயல்பாக 10 இணைப்புகளைத்தான் விடும். தண்டர்பேர்ட் மட்டுமே 5 வரை திறக்கும். அலுவலகத்துக்குள் லேப்டாப், டெஸ்க்டாப், போன் எல்லாம் ஒரே பொது ஐபியில்தான் வெளியே வரும். மூன்று கருவி வைத்திருக்கும் மேலாளருக்குத்தான் முதலில் மெயில் வராமல் போகும். எண்ணிக்கையை முன்கூட்டியே கூட்டி வையுங்கள்.

ஆறாம் படி: வெளியே போகும் வழி ஒன்றே இருக்கட்டும்

பில் மென்பொருள், வெப்சைட், ஸ்கேனர் எல்லாம் மெயில் அனுப்பும். அவை தனித்தனியாக நேரடியாக அனுப்பினால் டிகிம் கையொப்பம் இருக்காது, எஸ்பிஎஃப்பும் இடிக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். குறைவாக அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இருந்தே ஆக வேண்டும், ஐபிக்குப் பிடிஆர் பதிவும் (ஐபியின் பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) வேண்டும். அதனால் எல்லாவற்றையும் ஒரே வெளிவாசலுக்குக் கொண்டுவந்து, கையொப்பத்தை அங்கே போடுங்கள். மெயிலின் அடியில் "இந்த மின்னஞ்சல் ரகசியமானது" என்று வாசகம் ஒட்டும் பழக்கம் இருந்தால், அதைக் கையொப்பத்துக்கு முன்னால் ஒட்டுங்கள். பின்னால் ஒட்டினால் உள்ளடக்கம் மாறி கையொப்பம் செல்லாமல் போகும்.

ஸ்கேனருக்குப் பாஸ்வேர்ட் போடத் தெரியாது என்று சொல்லி, அலுவலக நெட்வொர்க் முழுவதையும் போஸ்ட்ஃபிக்ஸின் நம்பகமான பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் அப்படிச் செய்து, வைரஸ் பிடித்த ஒரே ஒரு பிசி ராத்திரி முழுக்க ஸ்பேம் தள்ளியது. ஸ்கேனரின் ஐபியை மட்டும் சேர்த்தால் போதும்.

கிளவுடில் மெஷின் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: வெளியே போகும் 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா? அமேசானின் இசி2வும் கூகுள் கிளவுடும் இயல்பாகவே அதை அடைத்துத்தான் வைத்திருக்கின்றன. ஒரு வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டு அப்புறம் இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

ஏழாம் படி: இப்போது மெஷின்களை எண்ணுங்கள்

200 பேருக்கு 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள ஒரே மெஷின் போதும் என்றுதான் நான் ஆரம்பிப்பேன். எல்லா ஏஜென்ட்டும் அதில். உடைந்தால் எங்கே பார்ப்பது என்ற சந்தேகமே வராது.

இரண்டாவது மெஷினுக்குப் பணம் கிடைத்தால், பெட்டிகளைப் பிரிக்கும் யோசனையை விட்டுவிட்டு வாசலைப் பிரியுங்கள். வெளி மெஷினில் 25ஆம் போர்ட் போஸ்ட்ஃபிக்ஸ், ஆர்ஸ்பேம்டி, ரெடிஸ், கிளாம்ஏவி, அன்பவுண்ட். உள் மெஷினில் டவ்காட்டும் சமர்ப்பிப்பு வாசலும். சமர்ப்பிப்பு ஏன் உள்ளே? பாஸ்வேர்டைச் சரிபார்க்க அது டவ்காட்டிடம்தான் கேட்கும், கேட்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அங்கிருந்து மெயில் வெளி மெஷினுக்குப் போய், கையொப்பம் வாங்கிக்கொண்டு வெளியேறும். பாஸ்வேர்டுகளும் பெட்டிகளும் வெளி மெஷினில் இல்லை. அதை யாராவது உடைத்தாலும் கையில் சிக்குவது க்யூவில் இருக்கும் சில மெயில்களும் டிகிம் சாவியும்தான். வெப்மெயிலை எங்கே வைத்தாலும் சரி, பெட்டிகள் இருக்கும் மெஷினில் மட்டும் வேண்டாம்.

தாளின் பின்பக்கத்தில் எந்த மெஷினிலிருந்து எந்த மெஷினுக்கு எந்த போர்ட் என்று எழுதுங்கள். வெளியிலிருந்து வெளி மெஷினுக்கு 25. வெளி மெஷினிலிருந்து உள்ளே எல்எம்டிபிக்கு 24. உள்ளிருந்து வெளி மெஷினுக்கு 25. ஊழியர்களிடமிருந்து உள் மெஷினுக்கு 465, 587, ஐமேப்புக்கு 993. உள்ளே வரும் இணைப்புகளில் இதில் இல்லாத எதையும் ஃபயர்வாலில் திறக்காதீர்கள். மில்டர் பேசும் 11332ஐயும் ரெடிஸின் 6379ஐயும் வெளியே திறந்து வைத்திருப்பவர்களை இன்னும் பார்க்கிறேன்.

கடைசிப் படி: வேண்டுமென்றே கொன்று பாருங்கள்

ஆட்கள் வருவதற்கு முன், ஒரு சனிக்கிழமை மதியம் ஏஜென்ட்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். ஆர்ஸ்பேம்டியை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்புங்கள்; 451 வருகிறதா? டவ்காட்டை நிறுத்துங்கள், மெயில் க்யூவில் நிற்கிறதா, திரும்பிப் போகிறதா? அன்பவுண்டை நிறுத்துங்கள். தாளின் மூன்றாவது கட்டத்தில் எழுதியதோடு ஒப்பிட்டு, மாறுபட்டதைச் சிவப்பில் திருத்துங்கள். என் தாளில் எப்போதும் இரண்டு மூன்று சிவப்பு விழும்.

மறுபடி இயக்கியதும் மெயில் உடனே வந்து குவியாது. ஒரு முறை தோற்ற மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் 300 நொடி கழித்துத் தொட்டுப் பார்க்கும், அப்புறம் இடைவெளி கூடிக்கூடி 4000 நொடி வரை போகும். நம் க்யூ என்றால் ஒரு கட்டளையில் உடனே கிளப்பிவிடலாம். ஜிமெயிலின் க்யூவில் நிற்கும் உங்கள் சோதனை மெயிலுக்கு அது நினைக்கும்போதுதான் நேரம் வரும்.